பசை ஒட்டிய பதின்மூன்று பெட்டிகள்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் உடம்பளவில் சுகம். உடம்பளவில் என்று ஒரு வார்த்தையைக் கூட்டி எழுதியிருக்கிறேனே, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், அம்மா நம்பவில்லை. உன் அண்ணன் வழக்கம்போல லிப்ட் ரிப்பேர் என்று ஊரில் உள்ள மாடியெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். அவன் மகள், நம் வாயாடிக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை. உன்னிடம் விஷயத்தை ஃபோனிலேயே சொல்லிவிடத்தான் பார்த்தேன், மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவை நான் அண்ணி பேச்சை எடுத்ததுமே 'அவங்க பக்கத்துல நிக்கிறாங்களாப்பா, பயந்துக்கிட்டுதானே பேசுறீங்க' என்று கேட்டு வைத்துவிட்டாய். இரண்டாம் தடவை வேலையில் இருக்கிறேன் என்றாய். மூன்றாம் தடவை எடுக்கவே இல்லை. இதில் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று வைத்துவிடுகிற குணம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று இந்த வீட்டில் யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தைப் பாதியில் தூக்கிப் போட்டாலும் அது மேசைமேல் கிடக்கும், அரை மணி கழித்து மறுபடி எடுப்பாய், அதனால் எழுதுகிறேன். என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. காலை பதினோரு மணி, பின்னறை ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து என் சொந்தப் புத்தியோடு எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் சாமானை எலி தின்றது அண்ணியால் இல்லை, என்னால். அண்ணனும் அண்ணியும் குழந்தையும் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறார்கள். வீடு பார்த்தாகிவிட்டது, வண்டியும் சொல்லியாகிவிட்டது.

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். நீங்கள் புறப்பட்டு மூன்றரை வருஷம் ஆகிறது. அந்த வாரம் உங்கள் வாடகை வீட்டுச் சாமானையெல்லாம் நான்தான் கட்டினேன். முப்பத்தோரு வருஷம் வீடு மாற்றுகிற கம்பெனியில் ஊரார் சாமானைக் கட்டியவன், பெற்ற மகள் சாமானை இன்னொருவன் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்பேனா. மொத்தம் பதினாலு அட்டைப் பெட்டி. கண்ணாடி தனி, துணி தனி, புத்தகம் தனி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உள்ளே இருப்பதை மூடிமேல் எழுதி வைத்தேன். எங்கள் கம்பெனியில் நாலு நாளில் பிரிக்கப்போகிற பெட்டிக்குத்தான் டேப். வருஷக்கணக்கில் கிடங்கில் கிடக்கப்போகிற பெட்டி என்றால் மைதா மாவில் பசை காய்ச்சி, பழுப்புக் காகிதத்தை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து எல்லா ஓரத்திலும் ஒட்டிவிடுவோம். டேப் வெக்கைக்கு உரிந்து விழும், பசை விழாது. அதோடு, இடையில் எவனாவது திறந்தால் காகிதம் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டியவன் அந்தக் காகிதத்தின் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை என்று உங்களிடம் ஆயிரம் தடவை பீற்றியிருக்கிறேன், நீங்களும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு அண்ணி நாலு ரோல் டேப்பைக் கொண்டுவந்து நீட்டி, 'இதையே ஒட்டிடுங்களேன் மாமா, வேலை சுருக்கா முடியும்' என்றாள். பசை இல்லாத பெட்டி ஒரு பெட்டியா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். பதின்மூன்று பெட்டிக்குப் பசை சரியாக இருந்தது. பதினாலாவதற்கு வரும்போது சட்டி காலி, வாசலில் வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், மாப்பிள்ளை கையைப் பிசைகிறார். வேறு வழியில்லாமல் அந்த டேப்பையே நாலு சுற்று சுற்றி ஏற்றினேன். அந்த ஒரு பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும், என்னமோ சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்த மாதிரி.

பதினாலையும் நம் வீட்டுப் பின்னறையில் தரையோடு தரையாக, சுவரை ஒட்டி அடுக்கினேன். அண்ணி கேக் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து. மாவும் சர்க்கரையும் வைக்க வேறு இடம் இல்லை என்று கேட்டாள், நான்தான் பின்னறையில் வைத்துக்கொள் என்று சொன்னேன். நாலு தகர டிரம், மூடிக்குக் கொக்கி உண்டு, அள்ளியதும் கொக்கியை மாட்டிவிட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவாள். இதையெல்லாம் தினமும் என் கண்ணால் பார்த்தவன்தான் நான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னறையில் யாரோ காகிதம் கிழிக்கிற சத்தம். வாயாடிதான் என்று அதட்டிக்கொண்டே போனேன், அப்புறம்தான் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்பது உறைத்தது. ஆறாம் எண் பெட்டியைத் தூக்கினேன், அடிப்பக்கம் கையோடு வரவில்லை. உள்ளே இருந்த உன் கம்பளிப் போர்வை பஞ்சு பஞ்சாகத் தரையில் கொட்டியது, அதன் நடுவில் சுண்டு விரல் அளவுக்குக் கண் திறக்காத நாலு குட்டி. அந்த நாற்றத்தை எழுத முடியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், எதிர்ச் சுவரோரம் மாவு டிரம் நிற்கிறது. அவ்வளவுதான், வேறெதையும் பார்க்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார் என்று அம்மா சொல்கிறாள். மாவைக் கொண்டுவந்து வைத்து எலியை வளர்க்கிறாயா, என் மகள் பாடுபட்டுச் சேர்த்த சாமானை நாசம் பண்ணிவிட்டாயே, உன் கேக்குக்கு இந்த வீடுதான் கிடைத்ததா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அண்ணி கையில் கிரீம், அப்படியே நின்று கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள், 'மாமா, என் டிரம்முல எங்கயாவது ஒரு பல் தடம் காட்டுங்க பாப்போம்' என்று. எனக்கு இன்னும் ஏறியது, எதிர்த்தா பேசுகிறாய் என்றேன். அன்று சாயங்காலமே நாலு டிரம்மையும் தனியாளாக உருட்டிக்கொண்டு போய்த் தங்கள் படுக்கையறையில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் பின்னறையில் ஒரு பொட்டு மாவு கிடையாது. எலி மட்டும் போகவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா. வரவில்லை, மாவு வாசனைக்கு வந்தது இங்கேயே குடித்தனம் பண்ணிவிட்டது என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். கூச்சல் போட்ட அன்றைக்கே, அதே வேகத்தில்தான் உன்னை வீடியோவில் கூப்பிட்டுப் போர்வையையும் அதே பெட்டியில் இருந்த ஆல்பத்தையும் காட்டி, உன் அண்ணி பண்ணிய வேலையைப் பார் என்று சொன்னேன். நீ அழுதாய். நீ அழுததைப் பார்த்து எனக்குக் கோபம் குறையவில்லை, நாம் சொன்னதை நம்ப ஒரு ஆள் கிடைத்தது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நீ அண்ணியைக் கூப்பிட்டுப் பேசியது எனக்கு உடனே தெரியாது. அவளும் சொல்லவில்லை, உன் அண்ணனும் சொல்லவில்லை. இரண்டு நாள் வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை, தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். மூன்றாம் நாள் காலையில் நான் வாயாடிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். குனிந்திருக்கிற என் காதுகிட்ட வந்து, 'தாத்தா, ஓசி வீடுன்னா என்ன தாத்தா' என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். 'அத்தை சொன்னாங்க, ஃபோன்ல. ஓசி வீட்ல உக்காந்துக்கிட்டு எங்க சாமான எலிக்குப் போடுறீங்கன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. நம்ம வீடு ஓசி வீடா தாத்தா' என்று கேட்டாள். கை நிறைய கிரீம் இருந்ததால் அண்ணி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்திருந்தாளாம், பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் குழந்தை கலர் மிட்டாய் எண்ணிக்கொண்டிருந்ததாம். கண்ணு, உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த வார்த்தையை நீ உன் சொந்தமாகச் சொல்லவில்லை, நான் ஏற்றிவிட்டதைத்தான் இறக்கினாய். ஆனால் ஆறு வயதுக் குழந்தை நிமிர்ந்து பார்த்து, இது நம்ம வீடா என்று கேட்கிறது, நான் ஷூ நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் உன் அண்ணன் வீடு பார்க்கக் கிளம்பினான். எதற்கு என்று கேட்டதற்கு, 'சண்டை போடறதுக்கெல்லாம் நேரம் இல்லப்பா, இடம் பத்தல, அவ்ளோதான்' என்றான். அவன் எப்போதுமே சுருக்கமாகப் பேசுகிறவன், அன்றைக்கு இன்னும் சுருக்கம்.

இதற்கு நடுவில் நான் எலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பொறி வைத்தேன், வேர்க்கடலை வைத்தேன், ரொட்டித் துண்டு வைத்தேன், ஒன்பது பிடித்தேன், பத்தாவது வந்து நின்றது. இரும்புச் சாமான் கடைக்காரர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, 'பெரியவரே, எங்கேருந்து வருது, எதத் திங்குதுன்னு பாக்காம பொறி வச்சீங்கன்னா வச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். மொத்த சாமானையும் வெளிய தூக்கிப் போட்டுப் பாருங்க' என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் பதினாலு பெட்டியையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, வெயிலில் எண் வரிசைப்படி அடுக்கினேன். பழைய பழக்கம், வரிசை மாறினால் கை ஓடாது. அடுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பதின்மூன்று பெட்டியிலும் ஓரம் மட்டும்தான் கடித்திருக்கிறது. நடு அட்டை எதிலும் ஒரு கீறல் இல்லை. நான் எங்கெங்கே காகிதம் ஒட்டினேனோ அங்கங்கே, விரல் வைத்துத் தடவிய மாதிரி, பசை இருந்த அகலத்துக்கு மட்டும் தின்று, அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. ஓரமாகப் பதினாலாவது பெட்டி நிற்கிறது, நாலு சுற்று டேப்போடு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது மாதிரி. டிரம்மெல்லாம் பின்னறையில் இருந்த நாளில், வரிசைக் கடைசியில் அதற்கு ரொம்பக் கிட்ட இருந்த பெட்டி அதுதான். எலி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. கம்பெனியில் பசை காய்ச்சும்போது ஒரு கை மயில்துத்தம் கலப்போம். நீல நீலமாகக் கல் கல்லாக இருக்கும், விஷம். அது இருந்தால் பூச்சியோ எலியோ வாய் வைக்காது என்பது எங்கள் கணக்கு. உன் சாமான் கட்டிய அன்றைக்கு வாயாடிக்கு இரண்டரை வயது, எதைக் கண்டாலும் வாயில் போடுகிற பருவம். 'மாமா, விஷம் மட்டும் கலக்காதீங்க' என்று அண்ணி கேட்டுக்கொண்டாள், நானும் சரியென்று விட்டுவிட்டேன். விஷம் போடாத மாவுப் பசை என்றால் அது என்ன, வெறும் களிதானே. பதின்மூன்று பெட்டிக்கும் களி பூசிக் காயவைத்து, அதன்மேல் கையெழுத்தும் போட்டு எலிக்குப் படையல் வைத்தவன் நான். இது தெரிந்த உடனே அப்பா பெரிய மனிதனாக ஒத்துக்கொண்டார் என்று நினைத்துவிடாதே. என் மனசு முதலில் என்ன சொல்லிற்று தெரியுமா, விஷம் வேண்டாம் என்றது யார், அவள்தானே, அப்போது இதுவும் அவள் தப்புதானே என்றது. அரை மணி நேரம் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். அப்புறம் டேப்பைக் கொண்டுவந்து நீட்டியதும் அவள்தானே என்பது வந்து முன்னால் நின்றது, பிடி விட்டுப்போயிற்று. அப்படியும் புத்தி நேராகவில்லை. யார் கண்ணிலும் படுவதற்கு முன் அந்தக் காகிதத்தையெல்லாம் உரித்து எரித்துவிடலாம் என்று முதல் இரண்டு பெட்டியில் உரித்தும் விட்டேன். அம்மா துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், 'யாருக்குத் தெரியாம ஒளிக்கிறீங்க, எலிக்கா' என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மிச்சத்தை உரிக்கவில்லை. இந்த உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன், ஆறாம் பெட்டி ஓரத்தில் இருந்தது. பாதிக் கையெழுத்து இருக்கும், மீதிப் பாதி எலி வயிற்றில். நான் பயந்துபோய்ப் பேசுகிறேன் என்றாயே, அதற்காகத்தான் அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார், பல் தடம் தெரியும். பார்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அண்ணி அடுப்பு வேலை முடித்து உட்கார்ந்த நேரம் பார்த்துப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டு, எலி உன் மாவுக்கு வரவில்லை அம்மா, என் பசைக்கு வந்தது, நான் உன்னைப் பேசியது அத்தனையும் தப்பு என்று சொன்னேன். இதற்கு முன்னால் யாரிடமும் இப்படிச் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை, குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அவள் ஆச்சரியப்படவே இல்லை. 'தெரியும் மாமா' என்றாள். முதல் நாளே பெட்டி ஓரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். 'சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? உங்க பெட்டியவே குத்தம் சொல்றாளேன்னு அதுக்கும் சேத்துக் கத்தியிருப்பீங்க' என்றாள். உண்மைதான். அப்படியானால் வீடு மாற்றுவதை விட்டுவிடு என்றேன். 'நீங்க மூஞ்சிக்கு நேரா கத்துனீங்க, மூஞ்சிக்கு நேரா வந்து ஒத்துக்கிட்டீங்க, அது அதோட போச்சு மாமா. உங்க பொண்ணு ஃபோன்ல சொன்னது அப்படி இல்ல. பாப்பா இப்பல்லாம் ஃபிரிட்ஜத் தொறக்கிறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட கேட்டுட்டுத் தொறக்குது' என்றாள். கண்ணு, அதை நான் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து கவனிக்கிறேன், உண்மைதான், கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கேட்கிறது. நான் உன்னிடம் பேசி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்றேன். 'வேணாம் மாமா, நீங்க சொல்லி அவ கேக்கிற மன்னிப்ப நான் எங்க வச்சுக்கிறது' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதனால் நீ அவளிடம் மன்னிப்புக் கேள் என்று நான் எழுதவில்லை. நடந்தது இது என்று மட்டும் எழுதுகிறேன். இத்தனை நாள் நீ பொய்யை வைத்துக்கொண்டு கோபப்பட்டாய், அந்தப் பொய்யைக் கொடுத்தவன் நான், அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது என் வேலை.

உன் சாமான் நிலவரம் சொல்லிவிடுகிறேன், நீ கேட்காவிட்டாலும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கம்பளிப் போர்வை மூன்றும் போயிற்று. கல்யாண ஆல்பம் ஒன்று முழுசாகப் போயிற்று, இன்னொன்றில் பாதிப் படம் தப்பியது, அம்மா அவற்றைத் துடைத்துக் காயவைத்துத் தனியாக வைத்திருக்கிறாள். புத்தகப் பெட்டியில் ஓரத்தில் இருந்தவை மட்டும் சேதம். தையல் மிஷினுக்கு ஒன்றும் இல்லை, மிக்ஸி ஒயரைக் கடித்திருக்கிறது, அண்ணன் மாற்றிக் கொடுத்துவிட்டான், இத்தனை மனஸ்தாபத்திலும் யாரும் சொல்லாமல் அவனாகச் செய்தான். தப்பியதையெல்லாம் மூடி கிளிப் போட்டு இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, கீழே செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்திருக்கிறேன், பின்பக்கம் குனிந்து பார்க்க வழி வேண்டும் அல்லவா. எலி வந்த வழியையும் கண்டுபிடித்துவிட்டேன், துணி துவைக்கிற மிஷின் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் ஒரு பென்சில் நுழைகிற சந்து. பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும் என்று கடைக்காரர் சொன்னார். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசிவிட்டேன், வெறும் துணியை அடைத்தால் அதையும் தின்றுவிடும், கம்பியைக் கடித்தால் வாய் கிழியும். உன் வீட்டிலும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே குழாய் போகிற இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிடு. துணிமணியை அட்டைப் பெட்டியில் வைக்காதே. இரண்டு வாரமாகப் பொறி காலியாக இருக்கிறது. எலி போய்விட்டது, பொறியைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்லலாம் என்றால்தான் வீட்டில் யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

போன வியாழக்கிழமை அண்ணி என்னிடம் வந்து, 'மாமா, எங்க சாமானையும் நீங்களே கட்டிக் குடுத்துடுங்க, வெளியாளு வந்தா ஒடச்சிடுவாங்க' என்று கேட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட அன்று சாப்பாடு இறங்கியிருக்கும். சரி என்றேன், வேறென்ன சொல்வது. டேப்தான் போடுகிறேன், அவள் கொடுத்த டேப். அவர்கள் சாமான் மொத்தமும் எனக்கு இரண்டு நாள் வேலை. இன்றோடு ஆறு நாள் ஆகிறது. காலையில் கட்டியதைக் கனம் ஒரு பக்கம் சாய்கிறது என்று சாயங்காலம் பிரிக்கிறேன். வாயாடியின் பொம்மைப் பெட்டியை மூன்று தடவை கட்டி மூன்று தடவை பிரித்தாயிற்று, அவளுக்கு அது விளையாட்டாக இருக்கிறது. நேற்று உன் அண்ணன் வாசலில் நின்று நான் டேப்பை உரிப்பதைப் பார்த்தான், எதற்கு என்று கேட்கவில்லை, உள்ளே போய்விட்டான். எவ்வளவு இழுத்தாலும் வேலை தீர்ந்துகொண்டுதான் வருகிறது, இனிச் சமையலறை மட்டும்தான் பாக்கி. அவளுடைய கேக் தட்டு, அச்சு, தராசு எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது, நான் கை வைக்கவில்லை. கண்ணாடிக் கிண்ணம் சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாள் போதவில்லை, சேரட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு கட்டு செய்தித்தாள் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இதுவரை அவள் அதை எடுத்து என்னிடம் கொடுக்கவில்லை.

தபால் உன் கைக்கு வர ஏழு நாள் ஆகும் என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அண்ணி மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவாள், வாயாடி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை ஒரு மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள். எதற்காகவும் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா